ஆறி வந்த நெல்

ராஜாராமுக்குப் பிள்ளை இல்லை. ஏரி உடைந்து பெருநகர் கிராமத்துப் பயிர் முழுக்க அழுகிப்போன வருஷம், அவர் கழனியில் ஒரே ஒரு தூர் மட்டும் தலை நிமிர்ந்து கதிர் விட்டது. அதை எடுத்து வைத்து விதைத்தார். மறு வருஷம் ஒரு முறம், அடுத்த வருஷம் ஒரு பாத்தி என்று பெருக்கினார். பெண்டாட்டி பெறாததை இவன் கழனியில் பெறுகிறான் என்று ஊர் சிரித்தது. அவரும் கூடவே சிரித்துவிட்டு, ஒரு கழனி முழுக்க விளையட்டும், உங்களுக்கெல்லாம் விதை தருகிறேன் என்றார். கழனி முழுக்க விளைந்த வருஷம், கதிர் பால் பிடிக்கும்போது, காய்ச்சலில் போய்விட்டார். கடவுள் என்று ஒருவன் இருந்தால் அவனிடம் கேட்க எனக்கு நாலு கேள்வி உண்டு.

அவர் மனைவி பவளம் அழுதுகொண்டே அறுத்தாள். தை பிறந்தும் மழை விடவில்லை. விதைநெல் ஈரத்தோடு கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். உத்திரமேரூர் ரைஸ் மில்லில் இயந்திரம் பார்க்கும் ஃபிட்டராக இருந்த அவள் அண்ணன் வேதாசலம், தானே வண்டி கட்டிக்கொண்டு வந்தான். வெயிலே தேவையில்லை, மில்லில் புதிதாக ட்ரையர் வந்திருக்கிறது என்றான்.

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புப் பெட்டி அது. மேலே கொட்டிய நெல், நீராவி ஓடும் குழாய்களுக்கு நடுவே மெல்லச் சரிந்து இறங்கும். அடியில் கிணற்றுத் தண்ணீர் ஓடும் குழாய்கள் அதை ஆற்றிவிடும். சூட்டோடு மூட்டை கட்டினால் நெல் கெட்டுப்போகும் என்பதால் அந்த ஏற்பாடு. வேதாசலம் தங்கையின் நெல் மொத்தத்தையும் வேறு எதோடும் கலக்காமல் தனியாக ஓட்டினான். அடியில் வந்ததைக் கையில் அள்ளிப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தான். சந்தோஷமாக மூட்டை கட்டினான்.

ஆடியில் பவளம் பாதி விதையை ஊறவைத்து, வடித்து, கோணியில் கட்டி வைக்கோல் போட்டு மூடினாள். முளை கட்டவில்லை. நாள் போதவில்லையோ என்று காத்திருந்தாள். புளித்த வாடைதான் வந்தது. மிச்சத்திலிருந்து ஒரு படி ஊறப்போட்டாள். அதுவும் அப்படியே.

சேதி கேட்ட வேதாசலம் மில்லுக்கு ஓடினான். ட்ரையர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து நெல்லுக்குள் கையை விட்டவன் துடித்துப்போய் இழுத்துக்கொண்டான். அங்கே வருவதெல்லாம் புழுங்கலரிசிக்காக அவித்த நெல். முளைக்கும் உயிர் போன பிறகுதான் அது ட்ரையருக்கு உலர வரும். அதற்கு எத்தனை சூடு வைத்தால் என்ன? அந்தச் சூட்டைக் குறைக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. பாசத்தோடு செய்த அவனுக்கும் தோன்றவில்லை.

கொப்புளம் கண்ட கையோடு தங்கை வாசலில் வந்து நின்றான்.

"ஆறித்தாம்மா வந்திச்சி. கையில அள்ளிப் பாத்தேன்" என்றான்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் கைக்கு வெண்ணெய் தடவிவிட்டாள். பிறகு மிச்ச நெல்லை உரலில் போட்டுக் குத்தினாள். அரிசி நொறுங்கித்தான் வந்தது. வடித்து, ஒரு இலை போட்டு அவனை உட்காரச் சொன்னாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"துன்னுண்ணா. வெதைக்கு, வெதைக்குன்னு அவரு ஒரு வாய் கூட துன்னு பாக்கல. எப்பிடிக்கீதுன்னு யாராச்சும் சொல்லணும் இல்ல."

வேதாசலம் இடது கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். மென்றான்.

"நல்லாக்கீது, பவளம்" என்றான்.

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.