சூறைக்கு அரை டிக்கெட்

எங்கள் கம்பெனி இரண்டு கார்கள் செய்கிறது. அன்னம், குடும்பங்கள் வாங்கும் வெள்ளைக் கார். சூறை, இரண்டே இருக்கை உள்ள சிவப்புப் பந்தயக் கார். அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஓர் அன்னம் விற்றால் சூறை ஒரு விரற்கடை வளரும். ஒன்றும் விற்காத வாரத்தில் ஒரு சாண் குறையும். நான் அதன் ஓட்டுநர்.

மார்ச்சில் அதில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மே மாதம் முழங்கால் தாடையில் இடித்தது. ஜூலையில் அது ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது.

சூறையை வடிவமைத்தவர் தாவீது சார். பதினோரு வருட உழைப்பு. அதைத் துண்டில் சுற்றித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பந்தயம் இருந்தது. தவிர, தீப்பெட்டி அளவுக்குக் குறைந்தால் கம்பெனி விதிப்படி அது பொம்மை. பொம்மைப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே போன எதுவும் திரும்பியதில்லை.

"வாம்மா நாயகி, நாமளே போய் அன்னம் விப்போம்" என்றார்.

ஆரணி ஷோரூமில் மூன்று நாள் நின்றோம். வந்தவர்கள் மைலேஜ் கேட்டார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். வியாழக்கிழமை சௌந்தரவல்லி என்ற தலைமை ஆசிரியை ஆட்டோவில் ஒரு கிரைண்டருடன் வந்து இறங்கினார்.

"டிக்கியில இது நிக்குமா?"

தூக்கி வைத்தோம். நின்றது.

"எனக்கு வேகம் ஆகாது. நாற்பதுக்கு மேல போனா தலை சுத்தும்."

"நாற்பதுலயே போகலாம் டீச்சர்."

"இதை வாங்கினா வேற ஏதாவது ஆகுமா?"

தாவீது சார் துண்டை விலக்கிக் காட்டினார். "இது ஒரு விரற்கடை வளரும்."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "எவ்வளவு வேகம் போகும்?"

"இருநூத்தி எண்பது."

"ஐயோ பாவம். அதுக்குத் தலை சுத்தாதா?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போட்டார். சூறை மெல்ல நீண்டது. தாவீது சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் டீச்சரின் ஆசிரியர் சங்கத்திலிருந்து நூற்றெழுபது பேர் அதே போல மெதுவான கார் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். ஆர்டர் எழுதுவதை ஷோரூம்காரர்களிடம் விட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம். செய்யாறு தாண்டும்போது சூறை தாவீது சாரின் மடியை விட்டு வழிந்தது.

"மடியில இருந்தா டிக்கெட் இல்ல, சீட்டுல வெச்சா அரை டிக்கெட்" என்றார் கண்டக்டர்.

அரை டிக்கெட் எடுத்தோம். மாங்காலில் முழு டிக்கெட் ஆயிற்று. காஞ்சிபுரத்தில் பயணிகள் எல்லோரும் இறங்கி, பஸ்ஸின் நெளிந்த கம்பிகளுக்கு நடுவிலிருந்து அதை வெளியே இழுக்க உதவினார்கள். அங்கிருந்து நாங்களே ஓட்டிக்கொண்டு வந்தோம்.

சனிக்கிழமை கடைசிச் சுற்று வரை மூன்றாவதாக இருந்தேன். முன்னால் இரண்டு கார்கள் வழியை அடைத்துக்கொண்டு போயின. அந்த நேரத்தில் ஆரணியில் பன்னிரண்டு ஆசிரியர்கள், டிக்கியில் சைக்கிள் நிற்கவில்லை என்று அன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சூறை பன்னிரண்டு விரற்கடை சுருங்கியது. ஸ்டீயரிங் வயிற்றில் அழுந்தியது, மூச்சு விட முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு கார்களுக்கும் நடுவே இப்போது இடம் இருந்தது. நுழைந்தேன். முதலாவதாக வந்தேன்.

தாவீது சார் தேங்காய் எண்ணெய் தடவி என்னை வெளியே எடுத்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். வலித்தது.

திங்கட்கிழமை மேலாளர் எங்களைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். ஏற்பாடு நன்றாக நடப்பதால் விரிவாக்கப்போகிறார்களாம். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளும் அன்னம் விற்பதைப் பொறுத்தே வரும், வராத ஞாயிறுக்குப் பதில் இன்னொரு செவ்வாய் வரும் என்றார்.

"ஆகஸ்ட்டுக்கு ரெண்டு ஞாயிறு ஒதுக்கியிருக்காங்க."

"எந்த ரெண்டு சார்?" என்று கேட்டார் தாவீது சார்.

"ரெண்டாவதும் கடைசியும்."

தாவீது சார் பேனாவை எடுத்து, சுவர் நாட்காட்டியில் மற்ற ஞாயிறுகளை அடித்து, செவ்வாய் என்று எழுதினார்.