ஏணிக்கு மேலே ஒரு ஜன்னல்

அந்த வாசகர் வட்டத்தில் ஆள் நான்கு, புத்தகம் ஒன்று. அதனால் தையல்கார அக்கா தன் பெரிய கத்தரியால் நாவலை நான்கு பாகமாக வெட்டிவிடுவார். ஞாயிறு மாலை அவர் கடையில் கூடி, அவரவர் பாகத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அதுதான் வாசிப்பு.

இந்த முறை ஒரு மாயப் புத்தகக்கடையின் கதை. ஆள் நுழைந்தால் அலமாரிகள் ஒதுங்கி வழிவிடும். யாரும் தொடாத புத்தகம் இருமும். முதல் பாகத்தை அக்காவும் இரண்டாவதை அவருடைய நாத்தனாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்றாவது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணுடையது. ஊருக்குப் புதியவள். வேலையிடத்தில் இயந்திர இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. மனிதர்களோடு உட்காருகிற ஒரே இடம் இதுதான். இங்கும் இதுவரை ‘ம்’ கொட்டியதோடு சரி. நான்காவது ஆளான லிஃப்ட் மெக்கானிக் அவளுக்கு மௌனசாமி என்று பெயரே வைத்துவிட்டார்.

பாகம் அவளிடம் இல்லை. இடைவேளையில் கொஞ்சம் படித்துவிட்டு ஏப்ரன் பையில் சொருகியவள், ஏப்ரனோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிட்டாள். கதையில் வரும் கடைக்காரர் முடிவில்லாத ஏணியில் ஏறுவது வரைதான் படித்திருந்தாள். மிச்சக் கதை படுக்கை விரிப்புகளில் வெள்ளைத் துணுக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. சொன்னால் இனி இங்கே சேர்க்கமாட்டார்களோ என்று பயந்தாள்.

“சொல்லும்மா மௌனசாமி,” என்றார் மெக்கானிக்.

தெரிந்ததைச் சொன்னாள். ஏணி வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் வாய் நிற்கவில்லை.

“ஏறுறாரு, ஏறுறாரு, மேல ஒரு ஜன்னல். தொறந்தா, அவர் சின்ன வயசுல பாதியில மூடி வெச்ச புத்தகத்துல வர்ற ஊரு. எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க. தண்ணி ஊத்துன கை ஊத்துனபடியே இருக்கு. அவரு உள்ள குதிச்சிட்டாரு. திரும்பி வரவே இல்ல.”

“வரலியா?” மெக்கானிக் தன் பாகத்தைப் புரட்டினார். “இங்க மொத வரியிலயே கால்ல கட்டோட உக்காந்திருக்காரே. ஏணியில வழுக்கி விழுந்துட்டாராம்.”

குட்டு உடைந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் நடந்ததைச் சொன்னாள். “மன்னிச்சிருங்கண்ணே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அக்காதான் முதலில் கேட்டார். “அப்போ நோயாளிங்கள்லாம் நம்ம கதை மேலதான் படுத்திருக்காங்களா?”

நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது கெடக்கட்டும். தண்ணி ஊத்துனாங்களே, ஊத்தி முடிச்சாங்களா இல்லையா?” என்றாள்.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே,” என்றார் மெக்கானிக்.

“உங்க காலொடிஞ்சவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. இருங்கண்ணே,” என்றாள் நாத்தனார்.

அவர் பக்கங்களை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். “சரி, ஜன்னல்லேருந்து விழுந்ததுலதான் கால் போச்சுன்னு வெச்சுக்குவோம். நீ எறக்கி விடு, நான் புடிச்சிக்கறேன்.”

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அந்தத் தண்ணி, ஒரு குதிரைக்கு,” என்று தொடங்கினாள்.