நான்கு வரியில் ஒரு முதுகு

1

நாலு வரிப் பாட்டைக் கொடுங்கள். அதைக் கட்டியவரின் முதுகு எத்தனை டிகிரி வளைந்திருந்தது என்று சொல்லிவிடுவேன். 1999இல் சொல்லியிருக்கிறேன். எண்பத்தேழு டிகிரி. (கையில் கோணமானி இல்லை. ஆனாலும் எண்பத்தேழுதான்.)

இந்தக் கதை பிறந்தது மதுரையில், தமிழாசிரியர்களுக்கு நடந்த மூன்று நாள் பயிற்சியில். பாடம்: அறிதல்சார் நடையியல். ஒரு பாட்டைக் கேட்கையில் நம் மனக்கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கும் படிப்பு. இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் காதில் விழுந்ததை வைத்துத்தான், ஓய்வு பெற்ற பிறகும் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: ‘தேவிபட்டினத்தில் பேரலைகள் ஆர்ப்பரித்த...’ விட்டுவிட்டேன். அங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கும்.

இரண்டாவது: எங்கள் ஊர்க் குடமுழுக்கு மலரில் ஒரு நடவுப் பாட்டு அச்சுக்குப் போகவிருந்தது. கீழே, ‘இயற்றியவர்: சோணைமுத்து’. மலர்க்குழுத் தலைவர் நாகநாதனின் காலஞ்சென்ற அய்யா, அதாவது அப்பா; நிலக்காரர். அவர் வயலில் முப்பது வருஷம் நாற்று நட்ட பிச்சையம்மாள் என்னிடம் வந்தாள்.

“வாத்தியாரய்யா, அது நான் கட்டுனது. எம்பேரப் போடச் சொல்லுங்க. சாகுறதுக்குள்ள ஒருக்க அச்சுல பாத்துக்கிறேன்.”

(இங்கே அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அழவில்லை, வெற்றிலைதான் கேட்டாள்.)

3

“கையெழுத்துப் போடத் தெரியாதவ பாட்டுக் கட்டுனாளாக்கும். போங்க வாத்தியாரே” என்றார் நாகநாதன். அவரையே படிக்கச் சொன்னேன்.

வரப்பு வருதடி முதுகுப் பக்கம்
பச்சை போகுதடி கண்ணுக்கு முன்னே
காலு ரெண்டு நிக்குதடி மேட்டு மேல
காலுக்கு மேல யாரோ தெரியலடி

“வரப்பு எப்படி வரும்?” என்று கேட்டேன்.

“நடுறவளுக பின்னாலயேதான நகருவாளுக.”

“நிக்கிற ஆளுக்கு ஏன் மூஞ்சி இல்ல?”

அவர் தாளை மடித்தார்.

“குனிஞ்ச கண்ணுக்குக் கால்தான் தெரியும். முதுகு எண்பத்தேழு டிகிரி” என்றேன்.

“கதை விடாதீக” என்று எழுந்து போய்விட்டார்.

4

மலர் வந்தது. ‘இயற்றியவர்: பிச்சையம்மாள்’. எது தன் பெயர் என்று கேட்டாள், காட்டினேன். “அம்புட்டுச் சின்னதாவா போடுவாக?” என்றாள்.

பெயர் எப்படி மாறியது? பத்து வருஷமாக நாகநாதன், “அச்சாபீஸ்ல நடந்த பிசகு. வாத்தியார் முதுக அளந்தாராம்ல” என்று டீக்கடையில் சிரிக்கிறார்.

ஆகவே முடிவு இரண்டு. அ: அச்சுப்பிழை. ஆ: என் மேதைமை; பத்தாயிரம் பேர் கைதட்டல். (ஊரில் இருப்பது நானூறு பேர்.) வாசகரே எடுத்துக்கொள்ளட்டும் என்று பேனாவை மூடி, இந்தக் கதையின் கைப்பிரதியை நாகநாதனிடம் கொடுத்தேன்.

எண்பத்தேழை அடித்தார். பத்தாயிரத்தை அடித்தார். நாலு வரியில் வந்து நின்றார்.

“மாத்தச் சொன்னது நான்தான், வாத்தியாரே” என்றார். “அந்தக் காலு ரெண்டும் எங்கய்யா காலு.”