அளவான கோட்டு

மபாஸாவின் கலியாணத்தன்று காலையில், கறுப்பு அல்பாக்கா கோட்டுக்குள் கைகளை நுழைத்து, கழுத்தை நிமிர்த்தி, அலுமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்த பாயிஸுக்கு நெஞ்சு திக்கென்றது. கோட்டு அளவாக இருந்தது.

அளவாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். ஊரும் அதைத்தான் சொல்லும். பாயிஸ் புத்தளத்து உப்பளத்தில் மேற்பார்வையாளர். வாரம் முழுக்கச் சாரமும் பனியனுமாக வெயிலில் நின்று கருகுகிற மனிதர். வெள்ளிக்கிழமையோ பெருநாளோ கலியாணமோ வந்துவிட்டால் ஆளே வேறு. நூறு வருஷத்துக்கு முந்தைய துருக்கித் தொப்பி, எலும்புப் பொத்தான் வைத்த வெயிஸ்ட்கோட்டு, தனியே கழற்றி மாட்டுகிற விறைப்பான கொலர், சங்கிலியில் தொங்கும் கடிகாரம். கடிகாரம் ஓடாது, அது வேறு கதை. இவ்வளவையும் பூட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால், "கவர்னர் துரை வாறார்" என்று கடைக்குக் கடை சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே என்பார். உள்ளுக்குள் வலிக்கும். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வலிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்மூடி மௌத்தானால் அவருடைய உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அதனால் அந்தக் காலத்து ஆண்களின் உடுப்பு கிடைப்பது லேசில்லை. யுத்தம் முடிந்து நாலைந்து வருஷத்தில் கரையோரம் எங்கும் பழைய வீடுகளை உடைக்கவும் ஓடு மாற்றவும் தொடங்கினார்களே, அப்போதுதான் பாயிஸுக்கு யோகம் அடித்தது. எங்கே கூரையில் ஆள் ஏறினாலும் கீழே இவர் நிற்பார். கற்பிட்டியில் ஒரு வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள் கிடந்து கிடைத்ததுதான் இந்தக் கோட்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் தரகராக இருந்த ஒருவருடையது. அந்த மனிதருக்கு இடது தோள் சரிவு போலிருக்கிறது. தைத்தவன் சரிவை மறைக்க அந்தத் தோளுக்குள் மட்டும் குதிரைமுடியைக் கட்டியாக அடைத்திருந்தான். இரண்டு தோளும் சரியாக உள்ள பாயிஸ் அதைப் போட்டால் இடது பக்கம் திமில்போல் புடைத்துக்கொண்டு நிற்கும்.

"மச்சான், அதப் பிரிச்சு எடுத்துரவா? ரெண்டு நிமிசத்து வேல," என்று அன்றைக்கே கேட்டான் ரஸாக்.

"வேணாம். அது அந்த மனுசன்ட தோள். அதப் பிரிக்க நான் ஆரு?"

ரஸாக் பாயிஸின் மனைவி பளீலாவின் தம்பி, தையல்காரன். மபாஸா அவனுடைய மூத்த மகள். பாயிஸைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காதவன் ஊரில் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு கோட்டையும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் வாங்கி, எந்த இழை எப்படி ஓடியிருக்கிறது என்று மணிக்கணக்கில் கதைப்பான். போன மாதம் உள்துணி கிழிந்திருக்கிறது என்று அவன் கோட்டைக் கேட்டபோது பாயிஸ் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

இப்போது இடது தோளை அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று அமுங்கியது. பொத்தான்கள் பழையவைதான், சந்தேகமில்லை. துணியின் மங்கலும் அப்படியே இருந்தது. புதுத் துணியை வெயிலில் போட்டு வெளிறவைத்திருக்க வேண்டும். தோள்தான் காட்டிக்கொடுத்தது.

"பளீலா, இது என்ட கோட்டில்ல."

சாரியின் மடிப்பை எடுத்துக்கொண்டிருந்த பளீலாவின் கை நின்றது. என்ன விசர்க்கதை என்று அவள் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்க மாட்டாளா என்று பாயிஸ் ஏங்கினார்.

"இண்டைக்கு ஒண்டும் கதைக்காதீங்க. கலியாணம் முடியட்டும்."

"அப்ப ஒனக்கும் தெரியும்."

"கற்பிட்டில புதுசாக் கட்டின ஹோட்டல்காரங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க அதத் தம்பிக்கிட்டக் கேட்டிரிக்காங்க. குடுத்தா வேலையாக்கள்ட யூனிபோம் எல்லாம் இவனுக்கே தைக்கத் தாறோம் எண்டாங்களாம். அந்த வேலய நம்பித்தானே மாப்புள வீட்டுக்கு நாள் சொன்னான்."

"என்னக் கேட்டிரிக்கலாமே."

"கேட்டா குடுத்திரிப்பீங்களா? உங்களுக்கு மௌத்தாப் போன மனுசன்ட தோள்தானே பெரிசு!"

கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். மபாஸாவுக்காக உண்மையிலேயே கொடுத்திருப்பாரா என்று அவருக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தையும் சேர்த்தல்லவா அக்காவும் தம்பியும் பறித்துவிட்டார்கள்! கழற்றி எறிந்துவிட்டு வெறும் சேர்ட்டோடு போகலாமா என்று யோசித்தார். நிக்காஹ்வுக்குச் சாட்சி அவர். ஏன், எதற்கு என்று ஊர் கேட்கும், அந்தப் பிள்ளையின் முகம் வாடும். போட்டபடியே புறப்பட்டார்.

பள்ளிவாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய கொடுமை. "அடேயப்பா, இண்டைக்கு கோட்டு சும்மா பிடிச்சுவெச்ச மாதிரி இரிக்கே," என்று, கவர்னர் துரை என்று பெயர் வைத்தவரே வந்து கைகொடுத்தார். பாயிஸ் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். பெண்ணின் வாப்பா இடத்தில் இருந்த ரஸாக் தலையை நிமிர்த்தவே இல்லை. மகளைக் கொடுக்கிற துக்கம் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவன் முதுகைத் தடவினார்கள்.

கலியாண வீட்டில் படம் எடுக்க நின்றபோது மபாஸா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மாமா, இண்டைக்குத்தான் நீங்க சரியான வடிவு. வாப்பாவும் நீங்களும் பக்கத்துல பக்கத்துல நில்லுங்க." பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தள்ளிக்கொண்டுவந்து இருவரையும் ஒட்டி நிறுத்திவிட்டு மாப்பிள்ளையோடு நடுவில் போய் நின்றாள்.

கமராக்காரன் ஏதோ சரிசெய்துகொண்டிருந்தான். பாயிஸ் முகத்தைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார்.

"ஏன்டா தோள நேராத் தச்ச? அது மாதிரியே புடைக்கத் தச்சிரிந்தா எனக்குத் தெரிஞ்சே இரிக்காதே."

ரஸாக் குனிந்தபடியே சொன்னான்.

"கை வரல்ல மச்சான். உங்கட அளவு என்ட கைக்குள்ள இரிக்கி. கோணலா வெட்டுவம் எண்டு ரெண்டு தரம் கத்திரியத் தூக்கினேன், ஏலாமப் பெய்த்து."

எல்லாரும் இங்கே பாருங்க என்று கமராக்காரன் கத்தினான். ரஸாக் மட்டும் பார்க்கவில்லை. பாயிஸின் வலது கைமடிப்பில், தையலுக்கு முன் துணி நகராமலிருக்க ஓட்டுகிற வெள்ளை நூல் ஒன்று, அவன் உருவ மறந்ததால், வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அத்தனை பேர் முன்னாலும் அவன் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, குனிந்து, பல்லால் நூலைக் கடித்தான். பாயிஸ் கையை இழுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கமரா மின்னியது.

அந்தப் படத்தில் ரஸாக் தன் மச்சானின் கையை முத்தமிடுவதுபோல் விழுந்திருக்கிறது. மபாஸா அதைத்தான் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருக்கிறாள்.