மட்கார்டில் ஏழு பூச்சு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. காரைக்காலில் கதவுக் கீல் வாங்கப் போனவன், குவியலுக்கு அடியில் ஒரு பழைய பிரெஞ்சுக் காரின் மட்கார்டைப் பார்த்தேன். உள்விளிம்பை நகத்தால் சுரண்டினேன். கறுப்பு, அதற்கடியில் சிவப்பு அடிப்பூச்சு, அதற்கடியில் மறுபடி கறுப்பு. எண்ணினால் ஏழு முறை பூசியிருக்கிறார்கள். ஒரு மட்கார்டை ஏழு முறை பூச ஒருவனுக்கு என்ன தலையெழுத்து? கீல் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

(மற்றதெல்லாம் என் கற்பனை. கடைக்காரரைக் கேட்டேன். "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க சார், சும்மா நோண்டாதீங்க" என்றார்.)

2

முதல் தொடக்கம்: "1953ஆம் ஆண்டு, பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலில், கடற்காற்று உப்பைச் சுமந்து—" வேண்டாம். பின்னே சர்க்கரையையா சுமக்கும்?

இரண்டாவது: "காதர் பாட்சா நல்லவன்." இதையும் அடித்துவிட்டேன். எனக்கே அது நிச்சயமில்லை.

மூன்றாவது இது. காதர் பாட்சா, மீரா சாகிபின் கார் டிரைவர். மீரா சாகிபுக்குச் சைகோனில் துணிக்கடை. ஆறு வருடமாக அவர் ஊர்ப்பக்கம் வரவில்லை, கார் கொட்டகையில் நின்று துருவேறியது. அந்தச் சித்திரையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது: கார்த்திகையில் வருகிறேன், நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வண்டி வரட்டும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவர் மனைவி ஆஸியா பீவி மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்று காதரைக் கூப்பிட்டார். தட்டிக்குள் வளையல் குலுங்கியது.

"தம்பி, அவங்க வர்றப்போ வண்டி புதுசா இருக்கணும். முடியுமா?"

"முடியாம என்ன ராத்தா. பட்டறைக்கெல்லாம் வேணாம். கொல்லையிலயே வச்சு நானே செஞ்சிடுறேன்."

3

காதர் கதவுகளைக் கழற்றினான். பீப்பாயில் புளியைக் கரைத்து இரண்டு நாள் ஊறப்போட்டான். துரு சேறாக இளகியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, கழுவி, வெயிலில் காயவைத்தான். அதன்பிறகு சிவப்பு அடிப்பூச்சு, அது காய்ந்ததும் கறுப்பு.

இதில் சூட்சுமம் கழுவுகிற தண்ணீரில் இருக்கிறது. அந்த வீட்டுக் கிணறு உப்பு. குடிக்கவும் உலைவைக்கவும் தலத்தெருவிலிருந்து வண்டியில் நல்ல தண்ணீர் வரும். காதர் அதில் நாலு குடம் கேட்டு வாங்கினான்.

"குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறீங்களே!" என்று அங்கலாய்த்தாள் வேலைக்காரி பூவாயி.

"கெணத்துத் தண்ணி பட்டா பெயிண்டுக்குள்ளயே துரு கெளம்பிடும் பூவாயி."

அவன் வாயாலேயே சொன்னான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவும் முகம் பார்க்கலாம் போல வந்தன. மட்கார்டுதான் பாக்கி.

4

ஆடி மாதம் இன்னொரு கடிதம் வந்தது, இந்த முறை காதர் பெயருக்கு. மீரா சாகிபுக்குப் பக்கத்துக் கடைக்காரரான கபீர் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதியிருந்தார். ஜூலை பத்தாம் தேதி மீரா சாகிப் மௌத்தாகிவிட்டார். மூன்றே நாள் காய்ச்சல். அங்கேயே அடக்கம் செய்தாயிற்று. "வீட்டில் ஆம்பளை துணை இல்லை. நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்."

காதர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அழுதான். மட்கார்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் இறைத்தான்.

[இங்கேதான் எனக்குக் காதரோடு தகராறு. துக்கத்தில் மறந்துபோய் உப்புத் தண்ணீரை இறைத்தான் என்று முதலில் எழுதினேன். முதல் வாளிக்கு அது சரி. ஆறு வாளிக்கு?]

பத்தே நாளில் மட்கார்டில் கொப்புளம் கிளம்பியது.

"துரு போச்சா தம்பி?" என்றது தட்டிக்குப் பின்னால் குரல்.

"இன்னும் இல்ல ராத்தா. இது பொல்லாத துரு."

கொப்புளத்தை மட்டும் சுரண்டினான், கிணற்றுத் தண்ணீரில் கழுவினான், பூசினான். துரு இருக்கிறவரை வேலை இருந்தது, வேலை இருக்கிறவரை மீரா சாகிப் கப்பலேறி வந்துகொண்டிருந்தார்.

5

ஒருநாள் ஆணியில் மாட்டியிருந்த அவன் சட்டையைப் பூவாயி துவைக்க எடுத்துப் போனாள். சட்டை சலவையாகித் திரும்பியபோது கடிதம் நனையாமல் பையிலேயே இருந்தது. பூவாயிக்குப் படிக்கத் தெரியாது என்று காதர் தேறிக்கொண்டான். வீட்டுக்குள் குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்ணுக்கு அரபுத்தமிழ் எழுத்தும் தெரியும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. (ஆண்பிள்ளை புத்தி. எனக்கும் மூன்றாவது பிரதியில்தான் எட்டியது.)

அன்றிலிருந்து தட்டிக்குப் பின்னால் குரல் இல்லை. பூவாயிதான் வந்து கேட்டாள்.

"துரு போச்சான்னு பீவிம்மா கேட்டாங்க."

"ஏன், அவங்களுக்கு ஒடம்புக்கு என்ன?"

"ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. நல்லது கெட்டதுக்குப் போறதில்ல. எனக்கென்ன தெரியும்?"

காதர் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். புருஷன் இறந்த நாளிலிருந்து பிறைக் கணக்கில் நான்கு மாதம் பத்து நாள் பெண் இத்தா இருக்க வேண்டும்: அலங்காரம் கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. தெரியாமலே அந்தக் கெடு கழிந்துவிட்டால் அந்த அடைப்பாவது அவருக்கு மிச்சமாகும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். ஐப்பசி மழையில் ஆறாவது பூச்சும் கொப்பளித்தது. அன்றுதான் அவனுக்கு உறைத்தது. ஒருத்தி தன் புருஷனுக்காக இருக்க வேண்டிய துக்கத்தை அவன் திருடிக்கொண்டிருந்தான். மட்கார்டைக் கட்டிக்கொண்டு கேவிக் கேவி—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

6

கார்த்திகை பிறந்த காலை, மழை விட்டிருந்தது. காதர் வாளியோடு கிணற்றடிக்குத் திரும்பினான். தட்டி விலகியது. ஆறு வருடத்தில் ஒருநாளும் கொல்லைக்கு வராத ஆஸியா பீவி, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, இடுப்பில் குடத்தோடு வந்தார். கையில் வளையல் இல்லை.

"நாலு மாசம் பத்து நாள் கழிஞ்சிடுச்சு தம்பி. இனிமே இந்தத் தண்ணில கழுவுங்க. நல்ல தண்ணி."

"ராத்தா... உங்களுக்கு..."

"படிச்சேன். படிச்ச அன்னிக்கே உக்காந்துட்டேன். ஆனா எங்கிட்ட யாரும் இன்னும் சொல்லல தம்பி." குரல் அங்கேதான் உடைந்தது. "திருட்டுத்தனமாத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு வாய்விட்டு அழ முடியுமா? ஒரு மனுஷர் வந்து சொல்லணும்ல? நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னுதான் தினம் துருவைக் கேட்டேன்."

7

முடிவுகளில் ஒன்றில் காதர் காலில் விழுகிறான். அவர் அதையா கேட்டார்? இன்னொன்றில் வாளியைப் போட்டுவிட்டுப் போலகம் வரை ஓடுகிறான். அதையும் கிழித்துவிட்டேன். இவ்வளவு நாள் ஓடியது போதாதா அவனுக்கு.

என்னிடம் உள்ள ஒரே சாட்சி அந்த மட்கார்டு. மறுநாளே போய் வாங்கி வந்துவிட்டேன். மேலே இருக்கிற ஏழாவது பூச்சில் கொப்புளமே இல்லை. நல்ல தண்ணீரில் கழுவியிருக்கிறான், அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் அவன் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரியை எழுத எட்டு நாளாக உட்காருகிறேன். "மீரா சாகிப்—" என்று தொடங்கி நிறுத்திவிடுகிறேன். காதருக்கு வாய் வராதது போல எனக்குக் கை வரவில்லை.

அந்த அம்மாள் குடத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை. அழ வேண்டும் அவருக்கு. நீங்களாவது சொல்லிவிடுங்கள்.