வெளியே போனவர்களை எண்ணாத வாசல்

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பதினொன்று நாற்பதுக்கு, நெடுஞ்சாலை ஓரத்து நீர் விளையாட்டுப் பூங்காவின் முன்வாசலில் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற பலகை மாட்டப்பட்டது. வாசலுக்கு மேலிருந்த, ஆள் எண்ணும் எண்பெட்டி 3,000 காட்டியது.

அப்போது லிஃப்ட் மெக்கானிக் வெளியே இருந்தார். அவருடைய எட்டு வயது மகள் உள்ளே இருந்தாள்.

கால் மணி நேரத்துக்கு முன்புதான் இருவரும் உள்ளே போயிருந்தார்கள். மகளின் மூக்குக் கண்ணாடியை லாக்கரில் வைத்துப் பூட்டிய பிறகுதான், பவர் போட்டுச் செய்த நீச்சல் கண்ணாடி வண்டிப் பெட்டியிலேயே கிடப்பது அவருக்கு உறைத்தது. கண்ணாடி இல்லாவிட்டால் நாலடி தள்ளி நிற்பது அப்பாவா தூணா என்று அவளுக்குத் தெரியாது. லாக்கரைத் திறந்து மூக்குக் கண்ணாடியையே கையில் கொடுத்திருக்கலாம். அவசரத்தில் புத்தி ஓடவில்லை. “இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காத, இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, லாக்கர் சாவியைக் கையில் மாட்டியபடியே பக்கவாட்டு இரும்புக் கதவு வழியாக வண்டிக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது இரும்புக் கதவு வெளியே போக மட்டும் என்றார்கள். முன்வாசலில் காவலாளி குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“ஃபுல் ஆயிடுச்சு சார்.”

“நான் உள்ள இருந்தவன்பா. என் பொண்ணு உள்ள இருக்கா.”

“டிக்கெட்ல ஒரு தடவைதான்னு போட்டிருக்கு. வெளிய வந்துட்டா வந்ததுதான்.”

“சரி, வந்துட்டேன். அப்போ ஒரு ஆள் குறையணும்ல? மேல பாரு, அப்படியே மூவாயிரம் நிக்குது.”

காவலாளி அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது உள்ள போறவங்களை மட்டும்தான் எண்ணும் சார்,” என்றார்.

பதினெட்டு வருடமாக ‘எட்டுப் பேர்’, ‘பத்துப் பேர்’ என்ற தகடுகளை லிஃப்டுக்குள் திருகிவருபவர் அவர். ஆள் கூடிவிட்டது என்று ஒரு மருத்துவமனையின் தலைமை மருத்துவரையே இறங்கச் சொன்னவர். அளவு வைத்ததில் அவருக்குக் கோபமில்லை. எண்ணத் தெரியாமல் அளவு வைத்ததில்தான் ஆத்திரம்.

“ஏம்பா, லிஃப்ட்ல ஏறினவனை மட்டும் எண்ணி, இறங்கினவனை விட்டுட்டா, காலைல பத்து மணிக்கே அது நின்னுடுமே. அப்புறம் காலி லிஃப்ட் முன்னாடி நின்னு ஃபுல்லுன்னு சொல்லுவியா?”

இடுப்பில் காற்றடைத்த வாத்து மிதவையோடு வரிசையில் நின்ற பருத்த மனிதர், “நல்லா கேளுங்கண்ணே. முக்கால் மணி நேரமா இதோட நிக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல முட்டை போட்டுடும்,” என்றார்.

மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியோடு வந்தார். “இது பாதுகாப்பு விஷயம் சார். மெஷின் சொன்னா சொன்னதுதான்.”

“எட்டு வயசுப் பொண்ணு, கண்ணு சரியாத் தெரியாம, தண்ணி ஓரத்துல ஒத்தையா உட்கார்ந்திருக்கா. லாக்கர் பக்கத்து பெஞ்சு. அது எந்தப் பாதுகாப்புல சேரும்?”

“தனியா விட்டுட்டு வந்தது நீங்கதானே.”

 அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் சுட்டது. மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியில் எதையோ முணுமுணுத்துவிட்டு, “பாப்பாவைப் பார்க்கச் சொல்லியிருக்கேன்,” என்றார்.

மெக்கானிக் இரும்புக் கதவருகே போய் நின்றுகொண்டார். ஈரத் தலையோடு வெளியே வந்த ஒவ்வொருவரையும் விரல் நீட்டி உரக்க எண்ணத் தொடங்கினார். இருபதைத் தாண்டியதும் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “அந்தக் கைக்குழந்தையை விட்டுட்டீங்களே, அதுவும் ஆள்தான்,” என்று வாத்துக்காரர் திருத்தினார். அரை மணியில் நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. எண்பெட்டி அசையவில்லை.

“நூத்திப் பன்னெண்டு இடம் காலியா கிடக்கு. எனக்கு ஒண்ணு போதும்,” என்று மெக்கானிக் மேற்பார்வையாளரிடம் சொன்னார்.

“நீங்க எண்ணினதை நான் எப்படி சார் ஏத்துக்க முடியும்?”

“அப்போ நீங்க எண்ணுங்க.”

“அதுக்கு ஆள் இல்லையே.”

பன்னிரண்டரைக்கு இரும்புக் கதவு மறுபடி திறந்தது. நீச்சல் குளத்துக் காவல்காரப் பெண் ஒருத்தி சிறுமியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

“இந்தாங்க சார், உங்க பாப்பா. பிரச்சினை தீர்ந்துச்சா?” என்றார் மேற்பார்வையாளர்.

சிறுமி கண்களை இடுக்கிப் பார்த்தாள். “அப்பாவா? நான் எழுந்திருக்கவே இல்லப்பா. இந்த அக்காதான் எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க.”

மெக்கானிக் குனிந்து நீச்சல் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டார். நிமிர்ந்து, “சரி, இப்போ எங்க ரெண்டு பேரையும் உள்ள விடுங்க,” என்றார்.

“எப்படி சார்? பாப்பாவும் வெளிய வந்துடுச்சே.”

“நூத்திப் பதிமூணு,” என்றார் வாத்துக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

காவலாளி சாவியை வாங்கிக்கொண்டு போய், லாக்கரில் இருந்த பையையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துவந்து கொடுத்தார். புகார்ப் புத்தகம் உள்ளே அலுவலகத்தில் இருந்ததால் மெக்கானிக்கால் அதில் எழுத முடியவில்லை. ஒன்றேகாலுக்கு அப்பாவும் மகளும் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மாலை ஐந்து மணிக்குப் பூங்கா மூடும்வரை அந்தப் பலகை எடுக்கப்படவில்லை.