புகையில்லாத வெல்டிங்

டான்யூப் நதிக்கரையிலிருந்த அந்த ஊர்த் தொழிற்கல்லூரியில் வெசெலினா இருபத்தாறு வருடமாக வெல்டிங் சொல்லிக்கொடுத்து வந்தாள். பட்டறையில் பன்னிரண்டு மிஷின்கள்; சுவரெல்லாம் கரி. புதிதாக வந்த முதல்வர் பாந்தெலெய்க்கு அந்தக் கரியைக் கண்டாலே ஆகாது.

ஊரில் பாதிப்பேர் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில், ரயில் பெட்டி செய்யும் செக் நாட்டுக் கம்பெனி ஒன்று அங்கே ஆலை வைக்க முன்வந்தது. இருநூறு வெல்டர் வேண்டும் என்றது. "இருநூறு என்ன, முந்நூறு தர்றோம்" என்று பாந்தெலெய் மேடையில் முழங்கினார். நகரசபைத் தலைவர் கைதட்டினார். பட்டறை இடிபட்டது, ஐரோப்பிய நிதியில் ஒரு கண்ணாடி மாளிகை எழும்பியது. வாசலில் 'நாளைய திறன் மையம்' என்று பெரிய எழுத்து. உள்ளே வெள்ளைத் தரை, தலையில் மாட்டிக்கொள்ளும் முப்பது கருவிகள். மாட்டினால் கண்ணுக்குள் இரும்பு தெரியும். பிளாஸ்டிக் குச்சியை ஆட்டினால் அது ஒட்டிக்கொள்ளும். ஒழுங்காக ஆட்டினால் கருவியே கைதட்டும்.

"மிஷினெல்லாம் எங்க சார்?" என்று கேட்டாள் வெசெலினா.

"ஸ்டோர்ல போட்டாச்சு மேடம். கண்ணாடியில புகை படியுமே. காலம் மாறிடுச்சு, நீங்களும் கொஞ்சம் மாறுங்க."

"காலம் மாறட்டும் சார். இரும்பு மாறலையே."

பாந்தெலெய் சிரித்துவிட்டு, வந்திருந்த பத்திரிகைக்காரரிடம் திரும்பிக்கொண்டார். கருவி யாரையும் பெயிலாக்காததால் ஆள் சேர்க்கை மும்மடங்கானது. கல்லூரி வளர்கிறது என்று செய்தி வந்தது. சான்றிதழ்களில் வெசெலினாவும் கையெழுத்துப் போட்டாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஓய்வுக்கு ஐந்து வருடம்தான் இருந்தது, போட்டாள்.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. கம்பெனி மேற்பார்வையாளர் போஹுமில் ஒரு வண்டியில் இரண்டு மிஷினும் இரும்புத் தகடுகளும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பூப்பின்னல் உடையில் இரண்டு பெண்கள் விருந்தாளியை வரவேற்கும் ஊர் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள். ஒரு துண்டு பிய்த்து மென்றபடியே, "சரி, பத்துப் பேரைக் கூப்பிடுங்க" என்றார்.

முதலில் வந்தவன் ஸகாரி. நாற்பதை நெருங்குபவன், பஸ் ஓட்டும் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன். வெல்டிங் ராடைத் தகட்டில் வைத்தான், ஒட்டிக்கொண்டது. இழுத்தான், தகடும் சேர்ந்து வந்தது. மறுபடி வைத்தபோது பொறி பறந்தது. ஐயோ என்று ராடு மாட்டியிருந்த ஹோல்டரைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்ததில் ரொட்டித் தட்டு கவிழ்ந்தது.

"இவருக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார் போஹுமில்.

"தொண்ணூத்தி நாலு" என்றார் பாந்தெலெய், மெதுவாக.

"அப்ப நூறு வாங்கினவங்களைக் கொஞ்சம் தள்ளியே நிக்கச் சொல்லுங்க."

பத்துப் பேரும் அப்படித்தான். ஸகாரி சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்தான். "ஒன்றரை வருஷம் டீச்சர். இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தேன்." வெசெலினாவுக்குச் சுருக்கென்றது. அதுவரை பாந்தெலெய் மேலிருந்த இளக்காரமெல்லாம் அவள் மேலேயே திரும்பியது.

பாந்தெலெய் அவளை நடைவழிக்கு இழுத்துப் போனார். "சாப்பாட்டு நேரத்துல நீங்களே பத்துத் தகட்டையும் பண்ணி வச்சிடுங்க. பேரை நாங்க ஒட்டிக்கிறோம். ஊர் மானம் மேடம்!"

"ஊர் மானமா, உங்க நாற்காலியா? நாளைக்கு அந்தப் பெட்டியில ஜனங்க உக்காந்து போவாங்க சார். அங்க உங்க கருவியா வந்து கைதட்டும்?"

நேராகப் போஹுமிலிடம் போனாள். "இவங்க யாரும் இதுவரைக்கும் நிஜ ராடைத் தொட்டதே இல்ல. இவங்க மேல தப்பில்ல. சான்றிதழ்ல என் கையெழுத்தும் இருக்கு. அது நான் தெரிஞ்சே போட்ட பொய்க் கையெழுத்து."

வேடிக்கை பார்க்க வந்திருந்த நகரசபைத் தலைவர் இருமினார். போஹுமில் ஹோல்டரை அவளிடம் நீட்டினார். அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு ஒரே மூச்சில் இரண்டு தகட்டை ஒட்டினாள். அவர் சுத்தியலால் மேல்கசடைத் தட்டிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"மழை ஒழுகாத ஒரு கொட்டகை, ஆறு மாசம். ஸ்டோர்ல துருப்பிடிக்கிற மிஷின்களையும் கேட்டு வாங்கிக் கொடுங்க."

மறுநாளே ராஜினாமா கொடுத்தாள். ஆலை மதிலையொட்டிக் கம்பெனி செலவில் தகரக் கொட்டகை எழும்பியது, பழைய மிஷின்களும் வந்து சேர்ந்தன. அவளிடம் பழக நாற்பது பேர் வந்தார்கள். சூடு தாங்காமல் முதல் வாரமே ஒன்பது பேர் ஓடினார்கள். ஸகாரி இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டான். ஏழாவது மாதம் வேலையில் சேர்ந்தான். மிச்சம் முப்பது பேரும் சேர்ந்தார்கள்.

பாந்தெலெயும் சும்மா இருக்கவில்லை. அந்த முப்பத்தொரு பேரையும் தம் மையத்தின் சாதனையாகக் காட்டினார். ஊர்ப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியதற்காக அவருக்குத் தலைநகர் சோஃபியாவில் விருது கொடுத்தார்கள். மையத்துக்கு இரண்டாம் மாடி எழும்புகிறது. காற்றாலை பழுதுபார்க்கும் படிப்பாம், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

"நீங்க போய் நாலு கேள்வி கேக்கக் கூடாதா டீச்சர்?" என்றான் ஸகாரி.

"கேட்டா அதையும் போட்டோ புடிச்சுப் பேப்பர்ல போடுவாரு. போய் வேலையப் பாரு."

அடுத்த குழுவில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதில் பதினொரு பேர் மையத்தில் தேறியவர்கள். கையுறை எந்தக் கைக்கு எது என்பதிலிருந்து வெசெலினா தொடங்கினாள்.